ஊருக்குள் ஒரு சித்திர வகுப்பு: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பிள்ளைகளுக்கு ஒரு சித்திர வகுப்பு தொடங்குவது கஷ்டமான வேலை இல்லை. ஒரு மண்டபம், கொஞ்சம் தாள், நாலைந்து பெட்டி பாஸ்டல், வட்ஸ்அப்பில் ஒரு அறிவித்தல் இருந்தால் போதும். முதல் கிழமை கதிரை போதாத அளவுக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஆறாவது கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆர்வமாகத் தொடங்கி, படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டு, மூன்று மாதத்தில் பூட்டிய வகுப்புகள் இந்த மாவட்டத்தில் நிறைய. அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரே நோக்கத்தோடுதான்: வந்த பிள்ளை திரும்பவும் வரவேண்டும்.

நீங்கள் ஓவியராக இருக்கவேண்டும் என்று இல்லை. படம் கீறப் பிடித்த ஒருவர், கணக்கு வழக்கில் ஒழுங்கான ஒருவர், பிள்ளைகளோடு பொறுமையாகப் பழகக்கூடிய ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்தால் சரி. மூன்றும் ஒரே ஆளாக இருந்தால், அவருக்குக் காய்ச்சல் வருகிற அன்று வகுப்பும் இல்லை.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

பலர் முதலில் இடம் தேடுகிறார்கள். நேரத்தை முதலில் தேடுவதுதான் நல்லது. பாடசாலை ஒன்றரைக்கு விடும். சாப்பிட்ட கையோடு ரியூசன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்கு அந்த வருடம் மூச்சுவிடவும் நேரம் இருக்காது. ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பூசையும் மறைக்கல்வியும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு வார நாட்களில் குர்ஆன் மத்ரஸா. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் மிஞ்சுவது ஞாயிறு பின்னேரம் மூன்று முதல் ஐந்து வரை. ஐந்து மணிக்கு முடித்துவிட்டால் இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேரலாம். பெண் பிள்ளைகளை அனுப்பும் அம்மாக்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

உங்கள் பகுதியில் இது வேறாக இருக்கலாம். திருக்கடலூர் பக்கம் கடல்தொழில் செய்யும் வீடுகளின் நேரம் வேறு, உவர்மலையில் உத்தியோக வீடுகளின் நேரம் வேறு. பத்து வீட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பிறகு மாற்றாதீர்கள். இரண்டு தரம் நேரம் மாறினால் பிள்ளை மறந்துவிடும், அப்பா கோபப்படுவார், அதோடு சரி.

எந்த மாதம் தொடங்குவது? விஜயதசமியில் தொடங்கச் சொல்லி வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல நாள்தான், ஆனால் கையோடு வாடைக்காற்று மழை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முழுக்க ஞாயிறுக்கு ஞாயிறு மழையாக இருந்தால், புது வகுப்பு வேர் பிடிக்காது. விஜயதசமியன்று ஒரு தாளில் கோடு கீறவைத்து ஏடு தொடக்கிவிடுங்கள், ஒழுங்கான வகுப்பைத் தைப்பொங்கல் கழிந்து தொடங்குங்கள். சித்திரை விடுமுறை வரை இடைவெளி இல்லாமல் ஓட்டலாம். கிண்ணியா, மூதூர், ஜமாலியா போன்ற இடங்களில் நோன்பு மாதம் எப்போது வருகிறது என்று முதலே பாருங்கள். அது ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறையும் அதோடு சேர்ந்து நகரும். நோன்பு பிடிக்கும் பிள்ளையைப் பின்னேரம் மூன்று மணிக்கு வரச் சொல்லக்கூடாது.

இடம்

பிற்பகலில் சும்மா கிடக்கும் முன்பள்ளிதான் என் முதல் தெரிவு. பிள்ளைகளுக்கு ஏற்ற மலசலகூடம், தண்ணீர்க் குழாய், பாய், ஒட்டுவதற்குச் சுவர் எல்லாம் ஏற்கனவே இருக்கும். கதிரை மட்டும் சின்னது, பெரிய பிள்ளைகள் நிலத்தில் இருந்து கீறட்டும். அடுத்தது சனசமூக நிலையம். கோயில் மடமும் தேவாலய மண்டபமும் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அங்கே போட்டால் மற்றச் சமயத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். பாடசாலை என்றால் அதிபரும் வலயக் கல்வி அலுவலகமும் சம்மதிக்கவேண்டும். அது இழுபடும், பிற பாடசாலைப் பிள்ளைகளும் தயங்குவார்கள். பத்துப் பேருக்கு வீட்டு விறாந்தையே போதும்.

போய்ப் பார்க்கும்போது கரண்ட் இல்லாவிட்டாலும் வெளிச்சம் போதுமா, பூட்டக்கூடிய அலுமாரி ஒன்று தருவார்களா என்று பாருங்கள். அப்புறம் காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்று அடிக்கும். தாள் பறக்கும், வோட்டர் கலர் தூரிகையைக் கழுவித் திரும்புவதற்குள் காய்ந்துவிடும், களிமண் வெடிக்கும். அந்த மாதங்களில் பாஸ்டலும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள், மட்டையில் தாளைக் கிளிப்பால் பிடித்துக் கொடுங்கள். தண்ணீர் வர்ணங்களை மற்ற மாதங்களுக்கு விடுங்கள்.

யாரிடம் சொல்லவேண்டும்

கிராம உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு பிரதேச செயலகம். நகரத்தில் என்றால் அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். அங்கே இரண்டு பேரைச் சந்திக்கவேண்டும்: கலாசார உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர். முதலாமவர் மூலம் கலைமன்றமாகப் பதிவதைப் பற்றிக் கேட்கலாம். இரண்டாமவருக்கு உங்கள் வகுப்பு எங்கே, எப்போது, யார் நடத்துகிறார்கள் என்பது தெரிந்திருப்பது உங்களுக்கே பாதுகாப்பு. உங்கள் கிராமத்தில் சிறுவர் கழகம் இயங்கினால் அதோடு சேர்ந்து நடத்துவது இன்னும் சுலபம்.

பாதுகாப்பு விஷயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியே, கதவு மூடிய அறையில், எக்காரணத்துக்கும் இல்லை. பிள்ளைகளை ஓட்டோவில் தனியே கொண்டுபோய் விடுவதும் இல்லை. உதவிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழும், முடிந்தால் பொலிஸ் அறிக்கையும் வாங்குங்கள். தெரிந்த ஆள்தானே என்று விடவேண்டாம். பெற்றோரிடம் ஒரு பக்கச் சம்மதக் கடிதம்: பெயர், தொலைபேசி இலக்கம், ஒவ்வாமை, யார் கூட்டிப்போக வருவார்கள், படம் எடுக்கலாமா. படம் எடுக்க வேண்டாம் என்று ஒரு பெற்றோர் சொன்னாலும் அந்தப் பிள்ளையை வரிசையிலிருந்து ஒதுக்காதீர்கள், கமராவை ஒதுக்குங்கள். ஏதாவது சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். அதைச் சுவரில், பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், எழுதி ஒட்டுங்கள்.

முதல் நான்கு வகுப்புகள்

ஆறு முதல் ஒன்பது வயது ஒரு கூட்டம், பத்து முதல் பதின்மூன்று ஒரு கூட்டம். அதற்கு மேல் உள்ளவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒரு பெரியவருக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

முதல் வகுப்பில் வர்ணம் கொடுக்காதீர்கள். "விரும்பின படம் கீறுங்கோ" என்று சொன்னால் என்ன வரும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்: இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஓலைக்குடில், தென்னை. கடலிலிருந்து சூரியன் எழும்பும் ஊரில் பிறந்த பிள்ளையும் அதைத்தான் கீறும். அது பிள்ளையின் பிழை இல்லை, எங்கோ பார்த்துப் பழகிய படம் அது. அதை உடைக்க ஒரு வழி: வீட்டிலிருந்து கடைக்குப் போகும் பாதையைக் கீறச் சொல்லுங்கள். எங்கே திரும்புவது, எந்த வீட்டில் நாய் நிற்கும், எங்கே தண்ணீர் தேங்கும், சலூன், பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், மான் படுத்திருக்கும் மதிலோரம். யாரும் யாரைப் பார்த்தும் கீற முடியாது, ஏனென்றால் எல்லோருடைய பாதையும் வேறு. முடிந்ததும் தாள்களைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஊர் வந்துவிடும்.

இரண்டாவது வகுப்பு கலவை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை மட்டும் கொடுங்கள். பச்சை வேண்டுமென்றால் பிள்ளை செய்யட்டும். கடலை நீலமாக மட்டும் பூசுகிற பிள்ளையிடம், டச்சுக்குடாக் கடலும் உட்துறைமுகத் தண்ணீரும் ஒரே நிறமா என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். மஞ்சள் ஒரு சொட்டு விழும், பிறகு இன்னொரு சொட்டு. அரை மணித்தியாலத்தில் மேசையில் பத்துக் கடல் இருக்கும்.

மூன்றாவது வகுப்பு அச்சு. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ, வாழைத்தண்டில் வலை. பழைய ஸ்பொஞ்சில் பெயின்டை ஊறவைத்து அதில் ஒத்தி எடுக்கவேண்டும், தட்டில் தோய்த்தால் வழியும். கத்தி பெரியவர் கையில்.

நான்காவது வகுப்பு மண். களிமண்ணை நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். பொம்மையின் கை ஒரு தடிப்பு, உடம்பு ஒரு தடிப்பு என்று இருந்தால் காயும்போது வெடிக்கும். ஈரத்துணி மூடி நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள்.

இந்த நான்கு கிழமையிலும் நீங்கள் செய்யக்கூடாத வேலை ஒன்று இருக்கிறது: பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படக்கூடாது. ஒரு காலை நீங்கள் சரியாகக் கீறிக் கொடுத்தால், மற்றக் காலையும் நீங்களே கீறவேண்டும் என்று பிள்ளை காத்திருக்கும். காட்டவேண்டுமென்றால் வேறு தாளில் காட்டுங்கள். "இது என்ன?" என்று கேட்பதை விட "இதைப் பற்றிச் சொல்லுங்கோ" என்பது நல்லது. என்னவென்று கேட்டால் படம் விளங்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

சாமான்

இருபது பிள்ளைகளுக்கு: டிமாய் தாள் ஒரு கட்டு, 2பி பென்சில் இருபத்தைந்து, பாஸ்டல் ஐந்து பெட்டி, போஸ்டர் கலர் நாலு நிறத்தில் பெரிய போத்தல், தட்டைத் தூரிகையும் வட்டத் தூரிகையும் பத்துப் பத்து, பிறிஸ்டல் போர்ட் கொஞ்சம், பழைய ஐஸ்கிரீம் கோப்பைகள், கந்தல் துணி. பிள்ளைக்கு ஒரு பெட்டி கொடுக்காதீர்கள். நாலு பேருக்கு ஒன்று வையுங்கள், கேட்டு வாங்கிப் பழகட்டும்.

காசு இல்லாத மாதத்திலும் வகுப்பு நடக்கும். சிரட்டைக் கரி நல்ல கருப்பு. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசலாம். அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டால் அந்த இடம் செம்மண் சிவப்பாக மாறும். பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போடும் வகுப்பு அதுதான். சுண்ணாம்பைப் பெரியவர் மட்டும் தொடவேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் நிறம் வெயிலில் மங்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கோதுமை மா பசையும் பழைய பத்திரிகையும் முகமூடிக்குப் போதும். கடற்கரையில் சிப்பி பொறுக்கலாம், ஆனால் முருகைக் கல் எடுக்கக்கூடாது. நிலாவெளிக் கடலில் உள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா, அங்கிருந்து ஒரு சிப்பிகூட எடுத்துவர முடியாது.

வெளியே கூட்டிப்போக

இரண்டாவது மாதத்துக்கு முன் வேண்டாம், பிள்ளைகளின் பெயர் உங்களுக்கு மனப்பாடமாக வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான் கீறுவதற்கு இணையான பாடம் வேறு ஊரில் கிடைக்காது. மான் அசையும், அதனால் பிள்ளைக்கு அழிறப்பர் போட நேரமில்லை. கழுத்திலிருந்து வால் வரை ஒரே கோடு, பிறகு கால் என்று சொல்லிக் கொடுங்கள். ஒன்பது மணிக்கு முன் போய் வெயில் ஏறுமுன் திரும்புங்கள். கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருப்பதால் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையோடு நின்றுகொள்ளுங்கள், முகாம் பக்கம் கமராவையும் கொப்பியையும் திருப்ப வேண்டாம். மானுக்குச் சொப்பிங் பையோடு எதையும் நீட்டவிடாதீர்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், எல்லோருக்கும் தொப்பியும் தண்ணிப் போத்தலும்.

மூன்று பக்கத்துப் பிள்ளைகளும் வந்தால்

எங்கள் பிள்ளைகள் பாடசாலையிலேயே பிரிந்துவிடுகிறார்கள். தமிழ் மொழிமூலம் ஒரு பக்கம், முஸ்லிம் பாடசாலை ஒரு பக்கம், சிங்கள மொழிமூலம் ஒரு பக்கம். பதினாலு வயது வரை பக்கத்துத் தெருப் பிள்ளையோடு ஒரு மேசையில் இருந்திருக்காத பிள்ளைகள் உண்டு. சித்திர வகுப்பில் பேச்சு குறைவு என்பதால் இது சுலபமாக நடக்கும். ஆனால் நல்லிணக்கம் என்று பெரிய பனர் கட்டி, மூன்று மதப் பிள்ளைகளையும் கைகோக்க வைத்துப் படம் எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அது விளங்கும், கூச்சப்படுவார்கள். ஒரு பாஸ்டல் பெட்டி, ஒரு தண்ணீர்க் கோப்பை, சிங்களம் தெரிந்த ஒரு அக்கா இருந்தால் போதும்.

சில முஸ்லிம் வீடுகளில் உருவம் கீறுவதையும் சிலை செய்வதையும் விரும்புவதில்லை. பெற்றோரிடம் முதலே கேளுங்கள். தோணி, வலை, பூக்கொடி, அழகெழுத்து என்று எத்தனையோ இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு மாற்று வேலை கொடுத்ததாகவே தெரியாது. சாமி படம் கீறும் பாடத்தை அறநெறி வகுப்புக்கு விட்டுவிடலாம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் விளக்குக் கூடு செய்யுங்கள். மூங்கில் ஈர்க்கும் ரிஷூ தாளும் போதும். வெசாக்குக்கும் நத்தாருக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்கும் பெருநாளுக்கும் பொருந்தும். எண்கோணக் கூடு கட்டத் தெரிந்த பிள்ளை பெரும்பாலும் சிங்களப் பிள்ளையாக இருக்கும், அன்றைக்கு ஆசிரியர் அவர்தான்.

பதின்ம வயதினர்

இவர்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். பத்தாம் ஆண்டு வந்ததும் சாதாரண தரம் என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் பரீட்சை பாதிக் காரணம்தான். சின்னப் பிள்ளைகளோடு இருந்து பூ கீறச் சொன்னால் பதினைந்து வயதுப் பையன் ஏன் வரவேண்டும்?

அவர்களுக்குப் பொறுப்பைக் கொடுங்கள். அலுமாரித் திறப்பு, வரவுப் புத்தகம், சின்ன வகுப்பில் உதவி. அப்புறம் உண்மையான வேலை: பாடசாலை நாடகத்துக்குப் பின்திரை, திருவிழாவுக்குப் பெயர்ப் பலகை, முன்பள்ளிக்கு ஒரு சுவர்ச் சித்திரம். சுவர் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மழை முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, மாசி பங்குனியில் தொடங்கலாம். கடலோரச் சுவரில் உப்புப் பூத்திருக்கும். அதைச் சுரண்டிக் கழுவி, சீலர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகே வர்ணம் பூசுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் உரிந்துவிடும். வெளிச்சுவருக்கான இமல்ஷன்தான் வேண்டும், எனாமல் வேண்டாம். தாளில் ஒரு சென்ரிமீற்றர்க் கட்டம், சுவரில் பத்துச் சென்ரிமீற்றர்க் கட்டம் என்று போட்டுப் பெருப்பித்தால் முகம் கோணாது. தலைக்கு மேல் உயரத்தில் பெரியவர் மட்டும் ஏறட்டும்.

கூத்து இன்னும் தெரிந்தவர்கள் மூதூர்ப் பக்கம் இருக்கிறார்கள். கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரை ஒரு நாள் அழைத்து, கூத்தில் அணியும் முடியும் உடுப்பும் எப்படிச் செய்வதென்று காட்டச் சொல்லுங்கள். சால்வை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடாமல், போக்குவரத்துக் காசும் அந்த நாளுக்கான வேதனமும் கொடுங்கள்.

பெற்றோர் கேட்பார்கள்: இதால் என்ன பிரயோசனம்? நேராகப் பதில் சொல்லுங்கள். சித்திரம் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பாடம். மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு உயர்தரப் பெறுபேறும் செயன்முறைத் தேர்வும் வேண்டும். எனவே மாதம் இரண்டு படத்தைத் தெரிவுசெய்து, பின்பக்கம் திகதி எழுதி, இரண்டு மட்டைக்கு நடுவே பத்திரப்படுத்தப் பழக்குங்கள். ஆனால் கடந்தகால வினாத்தாள் செய்யும் வகுப்பாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதற்கு ஊரில் ஏற்கனவே ரியூசன் இருக்கிறது.

காசு

முழுக்க இலவசம் என்றால் சிலர் மதிக்கமாட்டார்கள், கட்டணம் என்றால் சிலர் வரமுடியாது. மாதம் ஒரு சிறு தொகை வையுங்கள். முடியாதவர்களிடம் கேட்காமல் விடுங்கள், அது யார் என்று கணக்குப் பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் உதவுகிறேன் என்றால் காசை விடச் சாமானாகக் கேளுங்கள். பணம் வந்தால் இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு, மூன்று மாதத்துக்கு ஒருதரம் பெற்றோருக்குக் கணக்கு. நன்கொடை தருபவர் தன் பெயர் போட்ட பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் எடுக்கவேண்டும் என்றால், வேண்டாம் என்று சொல்லும் துணிவு இருக்கட்டும்.

கண்காட்சி

ஆறு மாதம் கழித்து ஒன்று செய்யுங்கள். ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம், அதை ஒட்டி வைத்தால் மழைக்கு முன் முடித்துவிடலாம். போட்டி வைக்காதீர்கள். முதலாம் இடம் வந்த பிள்ளை ஒன்று, வராத பிள்ளை முப்பது, அடுத்த கிழமை வகுப்புக்கு யார் வருவார்கள்? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம், அந்தப் படத்தைப் பிள்ளையே தெரிவுசெய்யட்டும். நைலோன் கயிறும் துணிக் கிளிப்பும் போதும். படத்தின் கீழ் முதற்பெயரும் வயதும் எழுதினால் போதும், பாடசாலைப் பெயர் வேண்டாம். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம அதிதி உரை, சிறப்பு அதிதி உரை என்று இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தும் வழக்கத்தை நீங்களாவது விட்டுவிடுங்கள். அதிதிகளை அழையுங்கள், வந்து பிள்ளையிடம் படத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

மழை மாதங்கள்

நவம்பரில் முன்பள்ளி வாசலில் தண்ணீர் நிற்கும். வகுப்பை நிறுத்துவதாக அறிவிக்காமல், மாதம் ஒரு தரமாகக் குறையுங்கள். இடைப்பட்ட கிழமைகளுக்கு ஐந்து தாளும் ஒரு பென்சிலும் பொலித்தீனில் சுற்றி வீட்டுக்குக் கொடுங்கள். வட்ஸ்அப் குழுவில் ஞாயிறு மூன்று மணிக்கு ஒரு தலைப்பு: யன்னலால் தெரியும் மழை, அடுப்படி, படுத்திருக்கும் நாய். படம் அனுப்பாத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு போன் எடுங்கள். பெயின்ட் போத்தல்களையும் தாளையும் நிலத்திலிருந்து உயர்த்தி, அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு மூன்று மணி என்று டிசம்பரிலேயே சொல்லிவிடுங்கள்.